ஆடிக்காற்றில் ஒன்பது பேர்

ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எனக்குக் கண் செருகிவிடும். அது தூக்கம் இல்லை. மரவள்ளிக் காடுகள் பின்னால் ஓட ஓட, எங்கள் அணியின் வரப்போகிற சீசன் முழுவதையும் நான் ஆடி முடித்துவிடுவேன். முதல் ஆட்டம் ஜெயிப்போம், அடுத்ததும் ஜெயிப்போம், வெயில் மஞ்சளாகச் சாயும் நேரத்தில் பிட்சர் தனப்பிரியா கடைசிப் பந்தைப் போடுவாள், அது மிதந்து வந்து என் கிளவுஸுக்குள் விழும். அதற்குள் கண்டக்டர் "காலேஜெல்லாம் எறங்கு" என்று கத்திவிடுவார். கோப்பையை ஒரு நாளாவது என் கையில் வாங்க விட்டிருக்கிறாரா அந்த மனிதர்?

பஸ்ஸை விட்டு இறங்கினால் நிலைமை வேறு. எங்கள் பெண்கள் கல்லூரி சாஃப்ட்பால் அணி இரண்டு வருடமாக முதல் ஆட்டத்திலேயே தோற்று மூட்டை கட்டியிருக்கிறது. சீனியர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். ஆட ஒன்பது பேர் வேண்டும், மிச்சம் இருந்தது எட்டுப் பேர். நான் கேட்சர், இந்த வருடம் கேப்டனும்கூட. மூன்றாம் ஆண்டு என்பதால் எனக்கு இதை விட்டால் வேறு சீசன் கிடையாது.

ஆடி பிறந்த அன்றே உடற்கல்வி ஆசிரியை கோகிலவாணி மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"சனிக்கெழம சேலம் அஸ்தம்பட்டியில இருந்து ஒரு டீம் வருது, தமிழினி. அவிங்கள ஜெயிச்சாப் போட்டிக்குப் பேர் குடுக்கறேன். தோத்தா, இந்த வருசத்தோட காலேஜுல சாஃப்ட்பாலே வேண்டாம்ங்கறாங்க. நானும் எத்தன தடவ போய் நிக்கறது சொல்லு."

எட்டுப் பேரை வைத்துக்கொண்டு யாரை ஜெயிப்பது?

எங்கள் பக்கம் முட்டைக்குப் பஞ்சமில்லை. அதனால் அணியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர வருகிறவளிடம் முதலில் பந்தைக் கொடுக்க மாட்டோம். பண்ணையில் விலைபோகாது என்று ஒதுக்கிய கீறல் முட்டையைக் கொடுப்போம். எதிரெதிரே நின்று எறிந்து பிடித்து, ஒவ்வொரு தடவையும் ஓரடி பின்னால் போக வேண்டும். விறைத்த கையில் முட்டை உடைந்து முழங்கை வரை வழியும். வருகிற வேகத்தோடு கையைப் பின்னால் இழுக்கத் தெரிந்தவளிடம் உடையாது.

அன்று சாயங்காலம் ஒன்பதாவது ஆளாக வந்தவள் மோனிஷா, முதலாம் ஆண்டு. புதன்சந்தைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற வீட்டுப் பெண். நான் எறிந்த ஒரு முட்டையைக்கூட அவள் உடைக்கவில்லை. காற்று இழுத்துக்கொண்டு போனதையும் எட்டிப் போய் வாங்கினாள். ஆனால் எதையும் திருப்பி எறியவில்லை. இரண்டு கையாலும் பொத்தியபடி நடந்து வந்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

"எறி புள்ள" என்றேன்.

"முட்டைய எப்புடீங்க்கா எறியறது? எங்கூட்டுல கீழ வெக்கறப்பக்கூடச் சத்தம் வரக்கூடாதுங்க."

எல்லோரும் சிரித்தோம். பந்தைக் கொடுத்த பிறகு சிரிப்பு நின்றுபோனது. தரையில் உருண்டு வரும் பந்தை மோனிஷா ஒழுங்காக எடுத்து எறிந்தாள். உயரத்திலிருந்து இறங்கும் பந்தைப் பிடித்தால் மட்டும், அது முட்டையாகிவிடும் அவளுக்கு. குனிந்து, புல் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்துவிடுவாள். பிடிப்பது பாதி வேலைதான். அதன் பிறகும், பேஸ் என்கிற மெத்தைக் கட்டத்தில் காலை வைத்து நிற்கிற எதிரணிப் பெண் அடுத்த பேஸுக்கு ஓடலாம். பந்து உடனே பேஸுக்கு வந்தால்தானே ஓடுகிறவளை நிறுத்த முடியும்? நானும் கத்தாத கத்தில்லை. "கை உடமாட்டேங்குதுங்க்கா" என்று மூக்கை உறிஞ்சினாள். அவளை விட்டால் ஆளில்லை என்பதால், எல்லோருக்கும் பின்னால் நடுவில், சென்டர் ஃபீல்டில் நிறுத்தினேன்.

சனிக்கிழமை காற்று பேயாக அடித்தது. கொல்லிமலை தூசிக்குப் பின்னால் நீலமாகத் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அடித்த பந்துகள் மேலே போய், இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்று யோசித்தன. பஸ்ஸில் நான் காணும் ஆட்டம்போலவே எல்லாம் மெல்ல நடந்தது. தனப்பிரியா நன்றாகப் போட்டாள். நாங்கள் முன்னால் போனோம். நம்பவே பயமாக இருந்தது.

பிறகு மோனிஷா ஓர் உயரப் பந்தைப் பிடித்து, வழக்கம்போல் புல்லில் வைத்தாள். மூன்றாவது பேஸில் நின்ற சேலத்துப் பெண் நடந்தே வந்து ஒரு ரன் எடுத்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்தேன். ஆனால் அடுத்து எங்கள் பழைய ஆட்கள், எறியத் தெரிந்தவர்கள், எறிந்த பந்துகளும் காற்றில் வளைந்து மரவள்ளிக் காட்டுக்குள் போயின. அதிலும் ரன் போனது. கடைசி இன்னிங்ஸில் அவர்கள் ஆட வரும்போது எங்களுக்கு ஒரே ஒரு ரன்தான் கூடுதல்.

மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஆட்டம் எங்களுடையது. ஒருத்தியை அவுட் ஆக்கினோம். இன்னொருத்தி இரண்டாவது பேஸில் நின்றாள். நான் அம்பயரிடம் நேரம் கேட்டு, மைதானத்தின் குறுக்கே மோனிஷாவிடம் நடந்தேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து அவள் இப்போதே கண் கலங்கி நின்றாள். திட்டத்தான் போனேன். அந்த இரண்டு கைகளைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இன்றைக்கு யார் எறிந்துதான் எது போய்ச் சேர்ந்தது?

"புடிச்சா எறியாத, மோனி" என்றேன். "கீழயும் வெக்காத. கையிலயே எடுத்துக்கிட்டு ஓடி வந்துரு."

"அப்புடி வரலாங்களாக்கா?"

"வரலாஞ்சாமி. பந்து பேஸுக்கு வந்தாச் சரி."

அவள் முகம் தெளிந்தது. நான் திரும்பி வந்து, அடிக்கிறவளுக்குப் பின்னால் என் இடத்தில் உட்கார்ந்தேன். தனப்பிரியா போட்டாள். சேலத்துப் பெண் ஓங்கி அடித்தாள்.

பந்து எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே போனது. எல்லைக்கே போய்விடும் என்று நினைத்து இரண்டாவது பேஸில் நின்றவள் ஓட ஆரம்பித்துவிட்டாள். காற்று வேறு மாதிரி நினைத்தது. பந்து மேலேயே நின்று, தயங்கி, மைதானத்துக்குள் திரும்பி வந்தது. மோனிஷா அதன் அடியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கைகளைத் தூக்கி, பந்தோடு சேர்த்து மார்புக்கு இறக்கினாள். அடித்தவள் அவுட்.

ஓடியவள் இப்போது கிளம்பிய பேஸுக்கே திரும்ப வேண்டும். பந்து முந்திக்கொண்டால் அவளும் அவுட். "எறி, எறி" என்று மைதானமே கத்தியது. எனக்கும் அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். மோனிஷா ஓடினாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பந்து குலுங்காமல், பாதம் மட்டும் பறக்க ஓடினாள். பேஸில் கிளவுஸை நீட்டி நின்ற எங்கள் பெண்ணைத் தாண்டிப் போய்க் காலை வைத்தாள். எதிர்த்திசையிலிருந்து வந்தவள் தூசியோடு சறுக்கி அவள் காலடியில் வந்து நின்றாள்.

அம்பயர் சேலத்துக்காரர்களோடு வந்த சார்தான். கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை உயர்த்தினார். ஆட்டம் முடிந்தது.

"பேர் குடுத்தர்றேன்" என்று கோகிலவாணி மேடம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தனப்பிரியா என் முதுகில் குத்தினாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. ஒரு சீசன் இருக்கிறது எனக்கு. பஸ்ஸில் காணும் எந்த ஆட்டத்திலும் இப்படி ஒன்று வந்ததே இல்லை.

மோனிஷா பேஸை விட்டு நகராமல் நின்றிருந்தாள். நான் ஓடிப் போனதும் பொத்திய கைகளைக் காட்டினாள்.

"இத எங்கீங்க்கா வெக்கறது?"

என் கிளவுஸை விரித்து நீட்டினேன். அவள் மெதுவாகக் குனிந்து, சத்தமில்லாமல் வைத்தாள்.