தொண்ணூற்றொன்பது வயதில் கொல்லப்படுகிறவர்கள்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் வாய். அது வேண்டிய நேரத்தில் திறப்பதில்லை.

எந்தெந்த வயதினர் எவ்வளவு பேர் கொலையாகிறார்கள், ஐம்பது ஆண்டுகளில் அது எப்படி மாறியிருக்கிறது என்ற அறிக்கையை எங்கள் புள்ளியியல் பிரிவுத் தலைவர் வியாழக்கிழமை பத்திரிகைக்காரர்களிடம் தரப்போகிறார். அதில் ஒரு தவறு இருக்கிறது. அவரிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அலுவலக ஆண்டு மலருக்கு வரும் கதைகளை அவர்தான் படித்துத் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே கதை.

(மற்ற வாசகர்கள் மன்னிக்கவும். கூட உட்கார்ந்து படிக்கலாம்.)

2

முதல் தொடக்கம்: "முதியவரின் மார்பில் கத்தி இறங்கியபோது அவர்..."

விட்டுவிட்டேன். நான் கரப்பான்பூச்சிக்கே வழிவிடுகிறவள்.

இரண்டாம் தொடக்கம்: "புள்ளியியல் படித்த ஓர் அழகான இளம்பெண்..." 'அழகான' என்பதை அடித்தேன். அதன்பின் அந்த வாக்கியத்தில் எனக்கே ஆர்வம் போய்விட்டது.

3

நடந்ததையே எழுதுகிறேன். வரைபடத்தை வீட்டில் அத்தையிடம் காட்டினேன். இளைஞர்களின் கோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறது. கைக்குழந்தைகளின் கோடு மெல்லக் கீழே வருகிறது. அறுபது முதல் தொண்ணூறு வரை உள்ளவர்களின் கோடு தரையோடு படுத்திருக்கிறது.

"என் வயசுக்கு எப்படி?"

"பயமே இல்ல அத்தை. உங்களை யாரும் கொல்ல மாட்டாங்க."

"ஏன், நான் அவ்வளவு மட்டமாப் போயிட்டேனா?" அத்தையின் முகம் வாடிவிட்டது. "உங்க மாமா மட்டும் இப்ப இருந்திருந்தா..."

[அத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.]

பிறகு அடுத்த பக்கத்தில், வயது வாரியாக வரைந்த படத்தின் ஓரத்தில் விரல் வைத்தாள். "இது என்னடி, கடைசியில கொம்பு முளைச்சிருக்கு?"

4

அந்தக் கொம்புதான் தவறு. தொண்ணூற்றொன்பது வயதில், திடீரென்று, செங்குத்தாக.

டைப்பிஸ்ட் அக்காவும் பார்த்தார். "தொண்ணூத்தொம்பது வயசு ஆளைக் கொல்ல எவனுக்குடி அவ்வளவு அவசரம்? ரெண்டு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"அது வயசே இல்லக்கா. செத்தவங்க வயசு தெரியலன்னா பழைய பதிவுல வயசுக் கட்டத்துல தொண்ணூத்தொம்பதுன்னு போட்டு வச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் அதை நிஜ வயசுன்னு எண்ணிடுச்சு."

"அப்ப சார்கிட்ட சொல்லு."

"போனேன். 'என்னம்மா?'ன்னார். 'ஃபேன் போடவா சார்?'னு கேட்டுட்டேன்."

"ஃபேன் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"ஆமா. நிறுத்திட்டு வந்துட்டேன்."

(அடிக்குறிப்பு: அன்று சார் வியர்வையோடு வெளியே வந்ததற்கு நான்தான் காரணம்.)

5

தலைவர் என்ற பாத்திரம் எனக்குச் சரியாக அமையவில்லை. முட்டாளாக எழுதினால் கதை வேகமாக ஓடும். ஆனால் அவர் முட்டாள் அல்ல. கொம்பைப் பார்த்ததும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, யாரும் கேக்காத ஜனங்க. இவங்களுக்காக நாமளாவது பேசணும்" என்றார். அதைக் கேட்ட பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்?

6

முடிவு ஒன்று: வியாழக்கிழமை ஒரு நிருபர் எழுந்து, "உயிருக்குப் பயப்படுற தொண்ணூத்தொம்பது வயசுக்காரர் ஒருத்தரைப் பேட்டிக்குக் காட்டுங்க சார்" என்கிறார். சார் என்னைப் பார்க்கிறார். நான் ஃபேனைப் பார்க்கிறேன்.

முடிவு இரண்டு: இதைப் படித்துவிட்டு என்னைக் கால்நடைக் கணக்கெடுப்புக்கு மாற்றிவிடுகிறார். மாடுகளிடம் நான் நன்றாகவே பேசுவேன்.

முடிவு மூன்று: கொம்பை வெட்டிவிடுகிறோம். வரைபடம் அழகாகிவிடுகிறது. எல்லோரும்...

இல்லை. இது வேண்டாம். வெட்டினால் அதில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? அவர்களில் ஒரு குழந்தை இருக்கலாம். என் வயதுப் பெண் இருக்கலாம். இவருக்கு இத்தனை வயது என்று சொல்ல ஒருவர்கூட வராததால் கிழவர்களாகிவிட்டவர்கள். யாரும் கேட்காத ஜனங்கள் என்று நீங்கள் சொன்னது சரிதான் சார். வயதுதான் தவறு.

இவர்களை எந்தக் கோட்டில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அறிக்கை புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. கோடுகளுக்கு வெளியே கொஞ்சம் இடம் விட்டு வரைபடத்தைப் புதிதாகப் போட்டு, இந்தக் கதையோடு இணைத்திருக்கிறேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்.