இருபத்தைந்துக்குள் முடிக்கணும்

ராஜாமணி தலை வாரும்போது உதிரும் முடியைச் சுருட்டி, ஜன்னல் கம்பியில் மாட்டிய பிளாஸ்டிக் கவரில் சேர்த்துவைப்பாள். எப்போதாவது சைக்கிளில் வரும் முடிக்காரரிடம் கொடுத்தால் நாலு ஹேர்பின்னாவது கிடைக்கும். டிசம்பர் மாதம் ஒரு காலையில் பார்த்தபோது கவர் காலியாக இருந்தது. முடிக்காரர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

முடிதானே என்று விட்டிருப்பாள். நாலு நாள் கழித்து, கொடியில் காய்ந்த பச்சைப் பூனம் சேலையை மடிக்கும்போது முந்தானை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி இல்லை. எலி இவ்வளவு நேராகவா கடிக்கும்? கத்தரிக்கோல் பட்ட வெட்டு.

அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். மகள் ஐஸ்வர்யா பிறந்து எட்டு வருஷத்துக்குப் பிறகு தங்கியிருக்கும் பிள்ளை. நடுவில் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. இந்த முறை வாசற்படியில் இறங்கவே சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

வீட்டில் கத்தரிக்கோலோடு உட்காரும் ஆள் ஒருத்திதான். கொழுந்தன் பிரவீன் ஐந்து மாதம் முன்பு கட்டிக்கொண்டு வந்த செல்லக்கனி. நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்த பேச்சு ரிஜிஸ்டர் ஆபீஸில் போய் நின்றது. மாமியார் இல்லாத வீடு என்பதால் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தவள் ராஜாமணிதான். அக்கா, அக்கா என்று சுற்றி வரும் பெண். நல்லவள் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கொஞ்ச நாளாக அவளும் ஐஸ்வர்யாவும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். ராஜாமணியின் தலை தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

"இன்னாடி பேசிக்கினு இருந்தீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. கணக்கு."

"சித்தி கையில இன்னா அது?"

"கணக்கு நோட்டும்மா."

முதுகுக்குப் பின்னால் மறைக்கிற கணக்கு என்ன கணக்கு?

எதிர்வீட்டு சந்திரம்மாளிடம் சொன்னாள். சந்திரம்மாள் மோவாயில் கை வைத்தாள்.

"தல முடியும் போச்சி, கட்டுன பொடவையும் போச்சி. எனக்கு நல்லாப் படலைமே. அதுவும் புள்ளத்தாச்சி பொடவ. வெளியாளு வந்தா எடுத்துனு போவான்? வூட்ட நல்லாத் தேடிப் பாரு."

வெள்ளிக்கிழமை, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் தேடினாள். செல்லக்கனியின் தையல் மெஷினுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. மேலே வெட்டுத்துணிகள். அடியில், செய்தித்தாளில் சுற்றி, ஒரு பொம்மை.

மஞ்சள் ஸ்பாஞ்சில் வெட்டிய உடம்பு. பச்சைச் சேலை. தலையில் ஒட்டியிருந்தது அவளுடைய முடியேதான். நுனியில் மருதாணிச் சிவப்பு தெரிந்தது. வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. நடுவில் கீறி, உள்ளே குழியாக்கி, ஓரத்தில் மூன்று குண்டூசி குத்தியிருந்தது. கழுத்தில் சிவப்பு நூல், நூலில் ஒரு சிவப்பு அட்டை. செல்லக்கனியின் உருண்டை எழுத்து.

பெயர்: ராஜாமணி.
குறை: வயிறு மூடவில்லை.
25-க்குள் முடிக்கணும். யாருக்கும் தெரியக்கூடாது.

ராஜாமணியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. தேதி பத்தொன்பதோ இருபதோ, அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

சந்திரம்மாள் பொம்மையைத் தொடவே இல்லை. "அவகிட்ட கேக்காத. கேட்டா உஷாராய்டுவா. கொல்லையில வெச்சி எரிச்சிடு" என்றாள். மிளகாயும் கல்லுப்பும் போட்டு எரித்தார்கள். ஸ்பாஞ்ச் எரிந்த நெடி மத்தியானம்வரை வீட்டை விட்டுப் போகவில்லை.

நாலு மணிக்கு ஏ ஷிப்ட் முடிந்து பிரவீனும் செல்லக்கனியும் வந்தார்கள். செல்லக்கனி முகம்கூடக் கழுவாமல் மெஷினுக்குப் போனாள். ராஜாமணி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனி பெட்டியைத் திறந்தாள், துணிகளை வெளியே அள்ளிப் போட்டாள், மெஷினுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள், கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"இன்னா தேடற?"

"ஒண்ணும் இல்லக்கா." முகம் வெளுத்திருந்தது.

ராஜாமணிக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"எரிச்சிட்டேன்."

"எரிச்சிட்டியளா?" செல்லக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உனக்கு இன்னாடி பண்ணேன்? ஆரத்தி எடுத்துக் கூட்டாந்தனே, அதுக்கா? என் வயித்துல கீற புள்ளைய இருபத்தஞ்சுக்குள்ள முடிக்கணுமா உனக்கு?"

ஒரு காலில் ஷூவோடு பிரவீன் ஓடி வந்தான். "அண்ணி, இன்னா பேசறீங்க?"

"உம் பொண்டாட்டியக் கேளு. எனக்குச் செய்வினை வெச்சிக்கீறா. உங்க அண்ணன் வரட்டும். ஒண்ணு இந்த வூட்ல அவ, இல்லாட்டி நானு."

பிரவீன் மனைவியைப் பார்த்தான். அவள் காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. அவனுக்கு என்ன நடந்ததென்று தெரியவில்லை. ஆனால் யார் பக்கம் நிற்பது என்பதில் குழப்பம் இல்லை.

"கெளம்பு கனி. வாலாஜாபாத்ல ரூம் கெடைக்கும்."

செல்லக்கனி எழுந்து, ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் ஐஸ்வர்யா புத்தகப்பையோடு உள்ளே வந்தாள்.

"சித்தி, எங்க போற? பொம்ம முடிஞ்சிதா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்தப் பொம்மைடி?" என்றாள் ராஜாமணி.

குழந்தை சித்தியைப் பார்த்தது. "சொல்லுட்டி. இனி என்ன ரகசியம்" என்றாள் செல்லக்கனி.

ஐஸ்வர்யா ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, சுண்டுவிரல் அளவில் ஒன்றை எடுத்தாள். ஸ்பாஞ்சில் வெட்டிய குழந்தை. பச்சைத் துணியில் சுற்றி, இரண்டு புள்ளியில் கண் வைத்திருந்தது.

"இத உள்ள வெச்சித் தெக்கத்தான் வயித்தத் தெறந்து குண்டூசி குத்தி வெச்சிருந்தோம். கிறிஸ்மஸ்க்கு உனக்கும்மா. சித்தி ஊர்ல பசங்கல்லாம் மாமா, அத்தை எல்லாருக்கும் தாங்களே செஞ்சி குடுப்பாங்களாம். அப்பாக்கு மீசையோட ஒண்ணு கீது. சித்தப்பாதான் பல்லி மாதிரி வந்துட்டாரு."

"பல்லியா?" என்றான் பிரவீன், தன்னையறியாமல்.

யாரும் சிரிக்கவில்லை. ராஜாமணி கேட்டாள். "அப்ப அந்த செவப்பு அட்ட?"

"கம்பெனில முடியாத பீஸ்ல அத கட்டித்தான் வைப்போம்க்கா" என்றாள் செல்லக்கனி. "எந்தப் பீஸு, என்ன குறை, எப்ப முடிக்கணும்னு அடுத்த ஷிப்ட் ஆளுக்குத் தெரியணும்லா? போன வாரம் பூரா எனக்கு பி ஷிப்ட். நான் வாரதுக்குள்ள இவ தூங்கிருதா. இவ எந்திரிக்கையில நான் தூங்குதேன். அதான் இவளுக்கு எழுதிக் கட்டுனேன். பொம்மைய முடிக்கணும்னுதான்க்கா. வேற எத முடிக்க?"

"முடியும் பொடவையும்?"

"நான்தாம்மா எடுத்தேன்" என்றாள் ஐஸ்வர்யா. "உன்ன மாதிரியே வரணும்ல. சித்திக்கு அப்புறம்தான் தெரியும். திட்டுச்சி. பொம்ம எங்கம்மா?"

பிரவீன் கொல்லைப் பக்கம் பார்த்தான். குழந்தை அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. சற்று நேரத்தில் அங்கிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

செல்லக்கனி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"போவாத" என்றாள் ராஜாமணி. "போவாத செல்லக்கனி."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாக்கா?"

"பயந்துட்டேன்."

செல்லக்கனி அவளையே பார்த்தாள். பிறகு பையைக் கதவோரம் வைத்தாள். திறக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் வீட்டில் எல்லோரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். ராஜாமணியின் கணவன் எல்லப்பன் விஷயம் தெரிந்து அவளை ஒரு நாள் முழுக்கத் திட்டினான். பிறகு தம்பியிடம் போய் அசட்டுத்தனமாக மழையைப் பற்றிப் பேசினான். சந்திரம்மாள் வந்து வாசலில் நின்றபோது ராஜாமணி, "தலைவலி" என்று கதவைச் சாத்தினாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலை செல்லக்கனியும் பிரவீனும் சர்ச்சுக்குப் போய்த் திரும்பினார்கள். ஐஸ்வர்யா எல்லோருக்கும் பரிசு கொடுத்தாள். எல்லப்பனுக்கு மீசைப் பொம்மை. பிரவீனுக்குப் பல்லி. அம்மாவிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"அம்மா எரிஞ்சிடுச்சி. பாப்பா மட்டும்தான் கீது."

ராஜாமணி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மகளை இழுத்து அணைத்தபோது குழந்தை கொஞ்சம் விறைப்பாகத்தான் நின்றது.

செல்லக்கனி காபி கொண்டுவந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் கையால் தருவது இதுதான் முதல் தடவை. ராஜாமணி டம்ளரை வாய்வரை கொண்டுபோனாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கை நின்றது. அவளாக நிறுத்தவில்லை, அதுவாக நின்றது.

செல்லக்கனி பார்த்துவிட்டாள். டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஒரு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"இன்னும் பயமாக்கா?"

ராஜாமணிக்குக் காது மடல்வரை சுட்டது. வாங்கிப் பாதிவரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"சக்கர கம்மியா கீது" என்றாள்.

"சீனி டப்பா அங்கனதான இருக்கு? எந்திரிச்சிப் போட்டுக்கிட வேண்டியதுதான."

இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதத்தில் செல்லக்கனி அவளிடம் இப்படிப் பேசியதில்லை. ராஜாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உனக்கும் போடவா?"