இன்ஜின் ஆறட்டும்

அத்தானுக்கு எங்கள் பகுதியில் ஒரே பெயர்தான்: டிரைவரம்மா வீட்டுக்காரர். மளிகைக் கடைக்காரர் முதல் முடி வெட்டுகிறவர் வரை அப்படித்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல அவர் முகம் போகும். அக்கா தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேனை ஓட்டினாள். நானும் அங்கேதான் அட்டைப்பெட்டி ஒட்டினேன். முன் சீட்டு எனக்கு. அத்தான் எந்த வேலையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அக்காவைக் குறை சொல்லும் வேலையை லீவு போடாமல் பார்த்தார்.

வேன் கொதித்து, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போனது அத்தான் ஓட்டியபோதுதான். ஆவி பறக்கப் பறக்க வீடு வரை விரட்டிக்கொண்டு வந்தவர் அவர். ஆனால், "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இதான் கதி" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவருடைய அண்ணன் மெக்கானிக். ஹெட்டைக் கழற்றி, மட்டமாக இழைத்து, புது கேஸ்கெட் போட்டார். வண்டியை எடுக்கப் போன அன்று அத்தான் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவ கொதிச்சா வண்டி எங்க அண்ணனுக்கு. நீ வீட்டோட கெட."

அக்கா மெக்கானிக்கிடம், "ஏன் கொதிச்சுதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"கேஸ்கெட் போச்சு, கொதிச்சுது."

"கொதிச்சதாலதானே கேஸ்கெட் போச்சு. மொதல்ல ஏன் கொதிச்சுது?"

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். பிறகு மெக்கானிக் பெரிய மனது பண்ணி இரண்டு விஷயம் சொன்னார்: "சூடா இருக்கறப்ப பச்சத் தண்ணி ஊத்தாத, ஆறாம திரும்ப ஸ்டார்ட் பண்ணாத, ஹெட் வளைஞ்சுடும். அப்புறம், தண்ணியே இல்லேன்னா டெம்பரேச்சர் முள்ள நம்பாத. அது ஏறாம நின்னு பொய் சொல்லும்." அத்தானும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அக்கா அதோடு விடவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டுபோய்க் கழுவ வைத்தாள். சேறு சேறாக வந்தது. மூடி, தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச் எல்லாம் புதிதாக மாற்றினாள். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே இருந்த காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியேறும் வரை காத்திருந்தாள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகு வேன் மலை ஏறினாலும் முள் நடுவைத் தாண்டவில்லை. அத்தானுக்குத்தான் தூக்கம் போனது.

பிறகு ஒரு காலை கூலன்ட் குறைந்திருந்தது. கசிந்த அடையாளம் எதுவும் இல்லை: ஹோஸ் காய்ந்திருந்தது, ஆயில் சுத்தமாக இருந்தது, புகையில் வெள்ளை இல்லை. அக்கா மறுபடி நிரப்பினாள். பிறகு ரேடியேட்டரின் அடியில் தண்ணீரை வடிக்கும் திருகுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் குறுக்கே என் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள். அடுத்த காலை ரேடியேட்டர் காலி. கோடு இரண்டாகப் பிளந்து, ஒன்றுக்கொன்று விலகி நின்றது. எந்தக் கசிவும் திருகைத் திருப்பிவிட்டுக் கசியாது. துவைக்கக் கிடந்த அத்தான் சட்டையின் கையில் கூலன்டின் பச்சைக் கறை இருந்தது.

"போய்க் கேளுக்கா" என்றேன்.

"கேட்டா அடிப்பாரு. அடிச்சிட்டு வேற வழி தேடுவாரு."

திருகை இறுக்கினாள். கழுத்து வரை நிரப்பி மூடியை அழுத்தி மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பெண்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எனக்குத் தல சுத்துது. இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. தண்ணி ஃபுல்லா இருக்கு, பாத்துட்டேன்."

அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவர்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. அவர் கணக்கில் ரேடியேட்டர் காலி; அதை நிரம்பியிருக்கிறது, பார்த்துவிட்டேன் என்று அக்கா தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். அதை வாசலில் காட்டி வீணாக்குவாரா? பாலத்து ஏற்றம் முடிகிற இடம் வரை விரட்டினார். அங்கே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். முள் நடுவில் இருந்தது.

"கருகற வாசன வருது" என்றார். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. "முள்ளப் பாக்காதீங்க, தண்ணி இல்லேன்னா அது பொய் சொல்லும். எல்லாரும் எறங்கி வாங்க. உங்க டிரைவரம்மா தண்ணி பாத்த லட்சணத்த வந்து பாருங்க."

பெண்கள் இறங்கினார்கள். அக்கா அவர்களைக் கையால் தள்ளித் தள்ளிப் பின்னால் நிறுத்தினாள். என்னைத் தோளைப் பிடித்து இழுத்தாள். பிறகு அத்தானிடம் சொன்னாள்: "தண்ணி நெறைய இருக்குங்க. சூடா இருக்கு. மூடியத் தெறக்காதீங்க."

அத்தான் ஒன்றைச் செய்தே தீர வேண்டுமென்றால் அதைச் செய்யாதீர்கள் என்று அக்கா சொன்னால் போதும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரையும்விட அக்காவுக்குத் தெரியும்.

"நீ சொல்லி நான் கேக்கணுமா?" என்று குனிந்தார். துணிகூட எடுக்கவில்லை. காலியாக இருப்பதற்குத் துணி எதற்கு? மூடியை அழுத்தித் திருகினார்.

பச்சையாகக் கொதித்த தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. கை, கழுத்து, ஒரு பக்கக் கன்னம். அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. பெண்கள் சாப்பாட்டுப் பையிலிருந்த தண்ணீர் பாட்டில்களையெல்லாம் அவர்மேல் கவிழ்த்தார்கள். போதவில்லை. ஒருத்தி வேனுக்குள் இருந்த கேனை எடுக்க ஓடினாள்.

"அது வண்டிக்கு" என்றாள் அக்கா.

ஓடியவளின் கை கேனை விட்டு விலகியது. எனக்கு அத்தான்மேல் இரக்கம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அக்காமேல்தான் பயம் வந்தது. பாலத்தில் வேறு வண்டி எதையும் காணோம்.

"வண்டிய எடு" என்று அத்தான் அழுதார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம். உன் கால்ல விழறேன், நீ வண்டிய எடு."

அக்கா ரேடியேட்டர்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் பாதிக்கு மேல் வெளியே போயிருந்தது. டிரைவர் சீட்டில் ஏறி, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல ஆறட்டும்ங்க. அப்புறம் தண்ணி ஊத்தணும். ஆறாம ஸ்டார்ட் பண்ணா ஹெட் வளைஞ்சுடும்னு உங்க அண்ணன்தான் சொன்னாரு."