சிவப்புப் பொட்டுக்குக் கீழே

பொட்டு ஒட்டும் யோசனை கன்னியம்மாளுடையது. கும்மிடிப்பூண்டி பெயிண்ட் கம்பெனியில் கலவைத் தொட்டியைக் கணினித் தொடுதிரைக்கு மாற்றிய 2006-இல், திரையை அமைக்கும் பொறுப்பிலிருந்த ஹுமைரா பட்டன்களில் தமிழில்தான் எழுதிப் பார்த்தாள். திரை வடிவமைக்க வாங்கிய மென்பொருள் அத்தனை எழுத்தையும் கேள்விக்குறிகளாக்கித் தந்தது. வேறு வழியின்றி ஆங்கிலத்தில் எழுதினாள். தொட்டியை இயக்கும், ஆங்கிலம் தெரியாத கன்னியம்மாள் பொட்டு அட்டையை எடுத்து, மேலே இருந்த, நிரப்புவதற்கான ‘ஃபில்’ மீது பச்சையும் கீழே இருந்த, நிறுத்துவதற்கான ‘ஸ்டாப்’ மீது சிவப்பும் கண்ணாடியில் ஒட்டினாள்.

“இப்போ எந்த பாசையா இருந்தா இன்னா பாப்பா?”

மென்பொருளுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. திரையை அதில் திறந்து சேமித்தால் போதும், பட்டன்கள் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிடும். ஹுமைரா ஒவ்வொன்றின் இடத்தையும் நோட்டில் எண்ணாகக் குறித்து, ஒவ்வொரு முறையும் கையால் அடித்து ஏற்றினாள். விற்றவர்களுக்கு மூன்று கடிதம் போட்டாள். ‘எங்களிடம் அப்படி நடக்கவில்லை’ என்று மூன்று பதில். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஒரு வியாழக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. ரயில் பொன்னேரியிலேயே நின்றுபோய் ஹுமைரா வந்து சேர்வதற்குள், மேலாளர் வீரராகவன் கம்பெனிப் பெயரைப் பெரிதாக்கவென்று தானே திரையைத் திறந்து சேமித்துவிட்டார்.

தொட்டி நிறைந்ததும் கன்னியம்மாள் சிவப்புப் பொட்டை அழுத்தினாள். அதன் கீழே இப்போது ‘ஃபில்’ இருந்தது. பதறிப்போய் மறுபடி மறுபடி அழுத்தினாள். வெள்ளை பெயிண்ட் வழிந்து விருந்தாளியின் பூட்ஸ் வரை போனது.

“மிஷின்ல பொட்டு வெச்சு வேலை பாக்குறது என்ன பழக்கம்? நாளையிலேர்ந்து வராதே” என்றார் வீரராகவன். பதினோரு வருட ஒப்பந்தக் கூலி வேலை, ஒரே வாக்கியத்தில் முடிந்தது.

ஹுமைரா நோட்டை அவர் மேசையில் விரித்தாள். “அக்கா மேல தப்பு இல்ல சார். நீங்க சேவ் பண்ணதுல பட்டன் எறங்கிடுச்சு. நம்பரைப் பாருங்க.”

அவர் நிதானமாகப் புரட்டினார். “உனக்கு இது எட்டு மாசமா தெரியும். அப்புறம், எல்லாம் சரியா ஓடுதுன்னு கையெழுத்து போட்டது யாரு?”

“நீங்கதான் சார் போடச் சொன்னீங்க.”

“கையெழுத்து யாருது? அடுத்த மாசம் உன்னை நிரந்தரம் பண்ற லிஸ்ட் போகுது. உன் பேரையும் இந்த விபத்து ரிப்போர்ட்டுல எழுதட்டுமா?”

ஹுமைரா நோட்டை மூடி எடுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாள் வாசலில் திரும்பிப் பார்த்தாள். “உடு பாப்பா. நீயும் அந்த பட்டன் மாரியே ஒரு வெரக்கட எறங்கிட்ட.”

மாலைக்குள் ஹுமைரா எண்களை ஏற்றினாள். ‘ஸ்டாப்’ இம்மி பிசகாமல் சிவப்புப் பொட்டுக்குக் கீழே வந்து நின்றது. பிறகு, மேலாளர் உத்தரவுப்படி, இரண்டு பொட்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

மறுநாள் கன்னியம்மாள் இடத்துக்கு வந்த பாக்கியராஜ் திரையின் ஆங்கில எழுத்துகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம், இதுல நிறுத்துறது எது?”