வேதக்கார நட்சத்திரங்கள்

கேமராவின் மூடியைத் திறந்த பிறகுதான், அதைத் திறந்திருக்கக் கூடாது என்று அருள்நாதனுக்குத் தோன்றியது. அவனுடைய யோசனைகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும்.

பங்குனி வெயில். பாலக்கரை வீட்டின் மொட்டைமாடியில் கால் பொரிந்தது. கீழே கூடத்தில் அவன் அண்ணன் செபஸ்தியான் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் மாதா கோயிலுக்குத் தூக்க வேண்டும். படம் எடுக்க வேண்டிய ஸ்டுடியோ அப்துல் சுக்கூரோ ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வரும் வழியில், காவிரிப் பாலத்தில் பஸ்ஸோடு நின்றுபோயிருந்தார்.

"டேய் அருளு, அண்ணன் கேமரா மாடியிலதானே நிக்குது? அதுலயே ஒண்ணு எடுத்துடேன். சாமியார் எவ்வளவு நேரம்டா காத்திருப்பாரு?" என்றாள் பாக்கியமேரி அத்தை.

அது சினிமா கேமரா என்பது அத்தைக்குத் தெரியாது. அருள்நாதனுக்குத் தெரியும். தெரிந்தும் படியேறினான். சின்னக்கடைத் தெரு ஜவுளிக்கடையில் சேலை விற்கிறவன். யார் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லிப் பழக்கமில்லை. உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தான்.

இருந்தது.

"மூடுங்க சார்! யா அல்லா, மூடுங்க!"

படி முடிவில் சுக்கூர் பாய் மூச்சிரைக்க நின்றார். சட்டையில் இன்னும் கல்யாண வீட்டு ரோஜா.

அருள்நாதன் மூடினான். "கெட்டுப்போச்சா பாய்?"

பாய் ரோஜாவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கீழ வாங்க சார். வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம்."

"மண்டையப் பிளக்குற வெயில்ல வெளிச்சம் எங்க பாய் போவுது?"

பாய் அதற்குள் பாதிப்படி இறங்கியிருந்தார்.

செபஸ்தியான் பொன்மலை ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓர் ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம் அந்தக் கேமராவை வாங்கினார். வேறு யாராவது என்றால் பிள்ளைகளையோ கல்யாணத்தையோ எடுத்திருப்பார்கள். இவர் மாடியில் ஸ்டாண்டை நட்டு, வடக்கே மலைக்கோட்டையைப் பார்த்து வைத்துவிட்டு ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அப்புறம் அடுத்த படம். விடிய விடிய விழித்தால் திரையில் அரை நிமிஷம் ஓடும்.

"அரை நிமிஷமா? நான் ஒழுங்கா கொட்டாவி விட்டாலே அவ்வளவு நேரம் ஆவுமேண்ணே," என்றிருந்தான் அருள்நாதன், ஒருமுறை துணைக்கு உட்கார்ந்தபோது.

துருவ நட்சத்திரம் மலைக்கு நேர் மேலே நிற்பதையும், மற்றதெல்லாம் அதைச் சுற்றுவதையும் அண்ணன் காட்டினார்.

"அப்ப ராத்திரி பூரா பிள்ளையாரைச் சுத்துதுன்னு சொல்லுங்க. சாமியார் காதுல விழப்போவுது."

"சுத்துதுதான். ஆனா எதிர்ப்பக்கமா சுத்துதுடா."

"நம்மள மாதிரி வேதக்கார நட்சத்திரமா இருக்கும்ணே. கோயிலைச் சுத்திப் பழக்கமில்ல."

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முழங்கால் ஸ்டாண்டில் இடித்தது. அதற்கும் பரவாயில்லை என்றுதான் சொன்னார்.

அண்ணி ரோசரி மட்டும் மாடி ஏறினதே இல்லை. "நட்சத்திரத்தோடயே குடும்பம் நடத்தட்டும்" என்று கீழேயே படுத்துவிடுவாள். நேற்று ராத்திரிதான் முதன்முதலாக ஏறினாள். கை வலிக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் வாட்சைப் பார்த்து "ம்" என்று சொல்லச் சொல்ல, இவள் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். விடியும் முன் ஒருமுறை "ம்" வரவில்லை. காலையிலிருந்து துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான்தான் அமுக்கினேன். எல்லாத்தையும் நான்தான் அமுக்கினேன்."

கடைசியாக எடுத்ததுதான் சுருளில் வெளிப்பக்கம் இருக்கும். வெயில் முதலில் அங்கேதான் பட்டிருக்கும். இவ்வளவு யோசிக்கிற மூளை மூடியைத் திறக்கும்போது எங்கே போயிருந்தது என்று அருள்நாதன் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே தன்னைக் கேட்டுக்கொண்டான். பாய் எடுத்த குடும்பப் படத்தில் அவன் ஒருவன் மட்டும் கேமராவைப் பார்க்காமல் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பாயைப் பிடித்து, கெட்டுப்போச்சா என்று மறுபடி கேட்டான்.

"மௌத்து வீட்டுல அந்தப் பேச்சு எதுக்கு சார்? சுருளை நான் கழட்டிக்கிட்டேன். பம்பாய்க்கு அனுப்பிடுறேன்."

அத்தையிடம் சொன்னான். "போற உசுரே போயிடுச்சு, நீ ஒருத்தன்" என்றாள்.

சாயங்காலம் அண்ணியிடமே போனான். "அண்ணி, நான் கேமராவைத் திறந்துட்டேன். பகல்ல. வெயில்ல."

ரோசரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கஞ்சி குடிச்சீங்களா தம்பி?"

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவன் கடையில் சேலையை விரித்தால் விரித்தபடியே நின்றான். வாங்க வந்தவர்களை வழக்கம்போல் சிரிக்க வைக்காமலே விற்றுப் பார்த்ததில் விற்பனை ஒன்றும் குறையவில்லை. அதுவும் அவனுக்கு வருத்தமாக இருந்தது.

சித்திரை முடிவில் பம்பாயிலிருந்து சுருள் வந்தது. பாய் ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டினார்கள். அண்ணி, அத்தை, பாய், அருள்நாதன். விளக்கை அணைத்தார்கள்.

மலைக்கோட்டை வந்தது. அந்தி வடிந்து உச்சியில் விளக்கு பூத்தது. பிறகு அதற்கு மேலே நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, பாறையைச் சுற்றி அவசரமில்லாமல் நடக்கத் தொடங்கின. எதிர்ப்பக்கமாகத்தான். ஒரு ராத்திரி, இன்னொரு ராத்திரி, மேகம் ஓடிய ராத்திரி. திடீரென்று மலை இடப்பக்கம் ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"இது நான் அண்ணனைச் சிரிக்க வெச்ச ராத்திரி," என்றான் அருள்நாதன். இருட்டில் அண்ணியின் வளையல் ஒருமுறை சத்தமிட்டது.

பிறகு இன்னோர் அந்தி. விளக்கு பூத்தது. முதல் நட்சத்திரம் வந்ததோ இல்லையோ, ஓரங்களிலிருந்து வெள்ளை பாய்ந்தது. மலையை விழுங்கியது. வேட்டி முழுக்க வெறும் வெளிச்சம். எதிரே நால்வர் முகமும் பளிச்சென்று தெரிந்தது.

"அட, விடிஞ்சிடுச்சு பாரேன்," என்றாள் அத்தை.

பாய் செருமினார். சுருள் முடிந்தும் சக்கரம் டக் டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அது விடியல் இல்லத்தை. நான் திறந்தது." அருள்நாதன் எழுந்தே விட்டான். "அண்ணி, கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. கெட்டுப்போச்சா இல்லையா? நீங்களாவது சொல்லுங்க."

 ரோசரி வெறும் வேட்டியை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"கெட்டுப்போச்சு தம்பி. நீங்கதான் கெடுத்தீங்க. நான் அமுக்கினது ஒண்ணுகூட மிஞ்சல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பாய்கிட்ட புதுச்சுருள் வாங்கிட்டு வந்துடுங்க. ஸ்டாண்டு வெச்ச இடத்துலயேதான் நிக்குது, நான் நகத்தல. வாட்ச் பார்த்து 'ம்' சொல்ல ஆள் வேணும். சிரிக்க மட்டும் வெக்காதீங்க, மலை ஆடுது."