கிளெண்டாவின் மடியில் ஓடிய பம்பு

நெவிலுக்குக் காது மெஷின் வந்த அன்று மத்தியானமே அவன் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டான்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஃபைலியில், நானும் அவர்களும் ஒட்டுச் சுவர் வீடுகளில் வெகுகாலமாக இருக்கிறோம். பின்பக்கம் இடுப்பளவுச் சுவர் ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் என் வயதுக்காரன் நெவில் ஸ்டோன்ஹவுசும் அவன் மனைவி கிளெண்டாவும். நடந்ததில் பாதியை நான் அந்தச் சுவருக்கு மேலாகப் பார்த்தேன். மீதியைக் கிளெண்டா சொன்னாள். அவள் விட்டதை நெவில் சொன்னான்.

நெவில் கேரவன் என்னும் இழுவை வீடுகள் கட்டும் தொழிற்சாலையில் இருபது வயதிலிருந்து பலகை அறுத்தவன். அந்த வேலை போனபோது காதும் பாதி போயிருந்தது. பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக ஜன்னல் கழுவும் தொழிலுக்கு வந்தார்கள். கடலோர ஊர், ஒரு ராத்திரி கிழக்கிலிருந்து காற்றடித்தால் போதும், காலையில் கண்ணாடியெல்லாம் உப்புப் பூத்திருக்கும். அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. சாமான்களும் அதிகமில்லை. ஏற்றிப்போக ஒரு வேன், ஒரு தள்ளுவண்டி, அதில் சுத்திகரித்த தண்ணீர் கேன், பேட்டரி, மரப்பெட்டிக்குள் சின்னப் பம்பு. அங்கிருந்து நீளமான குழாய். அதன் முனையில் மூன்று மாடி எட்டும் கழியும் பிரஷும். சோப்பு கிடையாது, துணி கிடையாது. தேய்த்து அலசி விட்டால் தானே காய்ந்துவிடும். கழியைப் பிடிப்பது நெவில். வண்டிக்குப் பக்கத்தில் நின்று குழாயை விடுவதும் இழுப்பதும், பம்பு இருமி நின்றால் அணைத்துப் போட்டு எழுப்புவதும் கிளெண்டா.

வண்டியை அவனே கட்டினான். அதில் அவனுக்குப் பெருமை அதிகம்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், காதுக்குப் பின்னால் இரண்டு சின்ன மெஷின்களோடு முற்றத்தில் பம்பைப் போட்டுப் பார்த்தான். போட்ட வேகத்தில் அணைத்தான்.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"எதுக்கு?" என்றாள் கிளெண்டா.

"பம்புக்கு. உள்ள ஏதோ ஒடஞ்சிருக்கு. நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு."

கிளெண்டா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நெவில், அது வந்த நாள்லேருந்து இப்படித்தான் கத்துது."

"சும்மா சொல்லாத."

"பக்கத்து வீட்டுல வேணா கேளு."

நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தப்பிக்க வழியில்லை. "தகர டப்பாவுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டு ஒருத்தன் விடாம குலுக்குற மாதிரி இருக்கும்ப்பா" என்றேன்.

அவன் முகம் தொங்கிப்போனது. "இத்தனை வருஷமா ஒருத்தர்கூடச் சொல்லலியே."

"சொன்னோமே," என்றாள் கிளெண்டா. "நீதான் 'ஆமா, மழை வரும்போலத்தான் இருக்கு'ன்னு பதில் சொன்ன."

திருப்புளிப் பெட்டி வெளியே வந்தது. முதலில் அவன் சந்தேகப்பட்டது பேட்டரியை. வேன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்துப் பார்த்தான், அதே கூச்சல். அடுத்து, தண்ணீர் பம்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் வடிகட்டியைத் திறந்தான். சின்ன டம்ளர் மாதிரி இருந்த அதற்குள் பச்சைப் பாசியும் ரப்பர்த் துணுக்குகளும் அடைந்திருந்தன. கழுவிப் போட்டதும் திணறல் கொஞ்சம் குறைந்தது, இருமல் நிற்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து கேனிலிருந்து வரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி மாதிரிக் குழாய் அது. தண்ணீரோடு சோடாவில் வருவதுபோல் குமிழ் குமிழாகக் காற்றும் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை இறுக்கும் கிளிப் தளர்ந்து, தண்ணீரோடு சேர்த்துப் பம்பு காற்றையும் உறிஞ்சியிருக்கிறது. கிளிப்பை மாற்றினான். இருமல் நின்றது.

"இனிமே நடுவுல நிக்காது," என்றான்.

"நின்னா நான் எழுப்பிட்டுப்போறேன்."

"எழுப்ப வேண்டாங்குறேன். இந்த டடடடதான் இன்னும் போகல. இதுதான் உயிரை வாங்குது."

பெட்டியோடு பம்பைப் பிணைக்கும் நான்கு திருகுகளையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கினான். சத்தம் கூடிற்று. கூடினதும் இன்னும் முறுக்கினான். எங்கள் வீட்டுக் கண்ணாடி ஜன்னல்கூட அதிர்வதுபோல் இருந்தது. கோபத்தில் நான்கையும் கழற்றிப் பம்பை வெளியே எடுத்து, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான்.

"இதைக் கொஞ்சம் பிடி," என்று பம்பைக் கிளெண்டாவிடம் கொடுத்தான். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஒயரும் குழாயும் மாட்டியபடியே இருந்தன. பெட்டியை நிமிர்த்தும்போது அவன் கை பட்டு ஸ்விட்ச் ஆன் ஆகிவிட்டது.

பம்பு ஓடியது. தூங்கும் பூனையின் குறட்டை அளவுக்குத்தான் சத்தம்.

பிரஷிலிருந்து தண்ணீர் முற்றத்துக் கல்லில் வழிந்துகொண்டிருந்தது.

"கெட்டுப்போச்சா?" என்று கிளெண்டா மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல. எந்திரிக்காத. அப்படியே உக்காரு." கிட்டே வந்து குனிந்து, அவள் மடியருகே காதைக் கொண்டுபோனான். பிறகு பம்பின் அடியில் விரலை விட்டுப் பார்த்தான். நான்கு மூலையிலும் ரப்பர்க் கால்கள். அதிர்வைத் தாங்குவதற்காக வைத்தவை. வண்டி கட்டிய அன்று அவன் முறுக்கிய முறுக்கில் நான்கும் அப்பளமாக நசுங்கிக் கல்லாய் இறுகியிருந்தன. பம்பு அதிர்ந்ததெல்லாம் அப்படியே பலகைக்குப் போயிருக்கிறது. அடியில் இருந்த மரப்பெட்டி முரசாகிவிட்டது.

"நான்தான்," என்றான். "என் கையாலதான்."

கிளெண்டா உள்ளே போய், தோட்ட வேலைக்கு முட்டி போடும்போது விரிக்கும் தன் பழைய ஸ்பாஞ்சு மெத்தையை எடுத்துவந்தாள். நெவில் அதில் ஒரு துண்டை வெட்டிப் பெட்டியில் பரப்பி, பம்பை அதன்மேல் உட்காரவைத்து, புது ரப்பர்க் கால் போட்டு, திருகைப் பிடித்தும் பிடிக்காமலும் விட்டான். ஓட்டிப் பார்த்தான். அணைத்தான். மறுபடியும் ஓட்டினான். அன்று சாயங்காலம் அதை எத்தனை தரம் ஓட்டினானோ.

அந்த வாரம் அவர்கள் மிஸஸ் பிக்கரிங்கின் கடலோர விடுதிக்குப் போனார்கள். குளிர்காலத்தில் விருந்தாளிகள் கிடையாது. மிஸஸ் பிக்கரிங் மட்டும் கீழ்த்தளத்தில் இருப்பாள். பின்பக்கம் வெயில் எட்டாத இடம். நெவில் கழியை மூன்றாம் மாடிக்கு உயர்த்தித் தேய்க்க ஆரம்பித்தான். பம்பு முணுமுணுவென்று ஓடியது. அதற்கு மேலாக இன்னொரு குரல் கேட்டது.

"நிக்கிறதைப் பாரு, விளக்குக் கம்பம் மாதிரி. சாயங்காலம் முதுகு முதுகும்பான். அந்த மூலையை விட்டுட்ட. விட்டுட்டடா. ஆங், பாத்துட்டான். சமத்து."

நெவில் திரும்பவில்லை. கிளெண்டா தன்னிடம்தான் பேசுகிறாள் என்று முதலில் நினைத்தான். இல்லை. பம்பு போட்ட கூச்சலிலும் இவன் காது இருந்த லட்சணத்திலும், இத்தனை வருஷமாக அவள் நாள் முழுக்க வாய்விட்டுப் பேசிப் பழகியிருக்கிறாள். பேசுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

"இந்தத் திரைச்சீலையைத் துவைச்சு எந்தக் காலமோ. துவைச்சா கிழிஞ்சிரும்னு விட்டுட்டா போல."

அவனுக்குச் சிரிப்பு முட்டியது. பிரஷை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"போச்சு. இன்னிக்கும் செத்துப்போச்சு," என்றது அந்தக் குரல். "ரெண்டு கை விரலும் மரக்கட்டை. இனி மத்தியானம் வரைக்கும் பொத்தான்கூடப் போட முடியாது. இந்தக் குளிரை மட்டும் தாண்டிரு கிளெண்டா. போன வருஷம் தாண்டல? சொன்னா தொழிலையே மூட்டை கட்டிருவான், மடையன். அப்புறம் வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருப்பான்."

கொஞ்சம் கழித்து, "என்னடா இது, ஒரே ஜன்னலைத் தேய்ச்சுக்கிட்டிருக்கான். தூங்கிட்டானா?"

அவன் பிரஷை அடுத்த ஜன்னலுக்கு நகர்த்தினான்.

மறுநாள் காலை இரண்டு மெஷினையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அடுத்தவர் மனசைக் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்ததாம். ஆனால் குழாய் ஒரு பூந்தொட்டியில் சிக்கி, அவள் கத்தியது இவனுக்குக் கேட்காமல், தொட்டி உடைந்தது. மெஷின்களை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டான்.

அன்று பதினொரு மணித் தேநீருக்கு இருவரும் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். வேன் மறுபடியும் மிஸஸ் பிக்கரிங் வாசலில்தான் நின்றது, முன்பக்கம் பாக்கியிருந்தது. கிளெண்டா குடுவையை அவனிடம் நீட்டினாள்.

"நீ திற. உன் கைதான் பலமான கை."

ரொம்ப நாளாக அவள் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பாள். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட உண்டு. அன்று வாங்கிக்கொண்டவன் திறக்கவில்லை.

"கையுறையைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டு கண்ணு."

"தேநீர் ஆறிடும், திற நெவில்."

"விரல் மரத்துப்போகுதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் முன்கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தாள். "யார் சொன்னது உனக்கு?"

"நீதான். இந்த வீட்டுப் பின்பக்கம். பம்புகிட்ட நின்னு."

அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. "நான் பேசுனதா? எல்லாத்தையும் கேட்டியா?"

"எல்லாத்தையும்."

"உங்கம்மாவைப் பத்திச் சொன்னதையும்?"

"அது அடுத்த தெருவுல சொன்ன. அதுவும் கேட்டுச்சு. தப்பில்ல, அவங்க அப்படித்தான்."

கிளெண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒட்டுக்கேட்டிருக்க. நாள் முழுக்க வாயை மூடிக்கிட்டு ஒட்டுக்கேட்டிருக்க."

"பத்தடி தள்ளி நின்னேன். நீதான் ஊருக்கே கேக்குற மாதிரிப் பேசுன."

"அந்தச் சனியன் சத்தத்துல பேசிப் பேசி அப்படி ஆயிருச்சு. அது யாரு செஞ்ச சத்தம்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கடற்கரைச் சாலைத் தடுப்புச் சுவரோரம் அவள் நின்றாள். கோட் படபடத்தது. பின்னாலேயே போகலாமா, போனால் கோபம் கூடுமா என்று நெவிலுக்குத் தெரியவில்லை. தேநீரை ஊற்றி, பாலும் விட்டு, அவளுடைய கோப்பையை மூடி போட்டு வைத்தான். அவன் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து வேன் கதவைப் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். பிடிக்குள் அவள் விரல் மடங்கவில்லை என்பதை அவன் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்தான்.

எட்டித் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்து, பல்லால் கையுறையைக் கடித்து இழுத்தாள். விரல்கள் முனையிலிருந்து பாதிவரை மெழுகுவர்த்தியாய் வெளுத்திருந்தன. நெவில் தன் கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரையும் தூக்கி, அந்த இரண்டு கைகளையும் தன் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டான். ஐஸ் பட்டதுபோல் அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"விடு. மிஸஸ் பிக்கரிங் ஜன்னல்ல நிக்கிறா."

"நிக்கட்டும். அந்தக் கண்ணாடியைக் கழுவுனதே நாம. நல்லாத் தெரியும், பாக்கட்டும்."

அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதாள். "வலிக்குது நெவில். உசுரு திரும்பும்போதுதான் வலிக்கும்."

"ரொம்ப நாளாவா?"

"மூணு குளிர்காலமா."

"சரி. இந்த வருஷம் ஏப்ரல் வரைக்கும் மூடிருவோம்."

"பாத்தியா," என்றாள். "இதுக்குத்தான் சொல்லல. உன்னை வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ரெண்டாம் நாளே அலமாரியெல்லாம் பிரிச்சுப் போடுவ."

அங்கேயே பேசித் தீர்த்தார்கள். பம்பு இப்போது இருமுவதில்லை. அதற்குக் காவல் நிற்க ஆள் வேண்டாம். குழாய் சிக்கும் மூலைகளில் மாட்ட, சின்னச் சக்கரம் வைத்த தடுப்புகளை நெவிலே செய்துகொள்வான். ஈரக் குழாயைக் கிளெண்டா தொடக்கூடாது. முன்னால் போய்க் கதவைத் திறப்பது, தொட்டிகளை நகர்த்துவது, ஜன்னல் சாத்தியிருக்கிறதா பார்ப்பது எல்லாம் அவள் வேலை. அதுவும் உறைபனி இல்லாத நாளில் மட்டும். டாக்டரிடம் நாளைக்கே போக வேண்டும்.

"ஏப்ரல் வந்துச்சுன்னா குழாய் என் கைக்கு வந்துரணும்," என்றாள்.

"டாக்டர் என்ன சொல்றாருன்னு பாப்போம்."

"டாக்டர் என்ன சொன்னாலும்."

டாக்டர் மாத்திரை கொடுத்தார், பேட்டரி வைத்த கையுறை ஒன்றையும் வாங்கச் சொன்னார். கிளெண்டா அதைச் சுவருக்கு மேலாக நீட்டி என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சூடாகத்தான் இருந்தது. உறைபனி நாட்களில் வேன் ஒற்றை ஆளோடு கிளம்புகிறது. முதல் வாரம் நெவில் மூன்று தொட்டிகளை உடைத்தான். வாடிக்கையாளர் ஒவ்வொருவராகக் கேட்டார்களாம்: என்ன, இப்பல்லாம் நீங்க வந்துட்டுப் போறதே தெரியல?

போன வாரம் கிளெண்டாவிடம் கேட்டேன்: "இப்ப அவன் பக்கத்துல நின்னு மனசுக்குள்ளயே பேசிக்கிறியா?"

"மனசுக்குள்ள வைக்க எனக்கு வரலப்பா. அவன் முகத்துக்கு நேராவே சொல்லிடுறேன்."

"அவன் என்ன பண்றான்?"

"பதில் சொல்றான்." பனி உறைந்திருந்த துணி உலர்த்தும் கம்பியை அவள் ஒரு குச்சியால் தட்டினாள். "எல்லாத்துக்கும் பதில் சொல்றான். அதான் ஒரே தொல்லை."