ஏழாம் ரகத்துக்குக் குரல் இல்லை

“இதுல எல்லாம் ஓடுமுங்களா?” என்று கேட்டாள் வசந்தாமணி.

“எல்லாம் ஓடும் வசந்தா. இனி யாருகிட்டயும் கைகட்டி நிக்க வேண்டியதில்ல” என்றான் அவள் கணவன் கந்தவேல்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. மூடிப்போன நூல் மில்லின் ஏலத்தில் எடுத்த கணினியை அன்றுதான் கூடத்தில் இறக்கி வைத்திருந்தான். கடையில் விற்கிற கணினிகளில் இருக்கும் சில்லு அதில் இல்லை. அது ஏழாம் ரகம். யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயங்குதளம் ஒன்றை அதில் ஏற்றினான். பிறகு, ஏழாம் ரகத்தில் ஓடும்படி மென்பொருள்களைக் கட்டித் தரும் பராமரிப்பாளராகத் தொகுப்பு அலுவலகத்தில் தன்னைப் பதிந்துகொள்ளும் படிவத்தை நிரப்பினான்.

படிவத்தில் பெயருக்கு இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் தன் பெயரை எழுதினான். வசந்தாமணி இரண்டாவது வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் படிவத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினான். அவள் காபி வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

இந்தச் சித்திரையில் கந்தவேலின் குரல் நின்றுபோனது. டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். நோய் ஒன்றுமில்லை, குரலின் பதிப்பு பழசாகிவிட்டது, தொகுப்பு அலுவலகத்தில் புதுப் பதிப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதினார். வீட்டில் எந்த ரகக் கணினியோ அந்த ரகத்துக்கான குரல்தான் வீட்டாருக்குப் பொருந்தும். வசந்தாமணியின் குரல் கெடவில்லை. அவள் அதை அவ்வளவாகப் பயன்படுத்தியதில்லை.

எதிர் வீட்டுக்காரருக்குப் பத்து நிமிஷத்தில் புதுக் குரல் கிடைத்தது. அவர் வீட்டில் சாதாரண ரகம். நாள் முழுக்க வாசலில் நின்று யாருக்காவது வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

வசந்தாமணி சீட்டோடு போனாள். அலுவலக வாசலில் ‘யாவருக்கும் இலவசம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே தெய்வசிகாமணி என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

“ஏழாம் ரகத்துக்குக் குரல் இல்லீங்க அம்மணி.”

“மத்த ரகத்துக்கெல்லாம் இருக்குதே?”

“இருக்குதுங்க. எங்க மெஷின்ல நல்லாவே ஓடுது.”

“அப்ப எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க.”

“செய்முறை சுவத்துல மாட்டியிருக்குதுங்க. யாரு வேணா செஞ்சுக்கலாம். அதானுங்க சுதந்திரம்.”

வசந்தாமணி செய்முறையைப் படித்தாள். குரலைக் கட்ட மூச்சு வேண்டும். மூச்சைக் கட்ட மௌனம் வேண்டும். மௌனத்தைக் கட்டக் குரல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. ஓர் அறையில் கேட்டால் அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். அனுப்ப அனுப்பத் தாழ்வாரம் நீண்டது. ஆடி பிறந்தபோது அது பக்கத்து ஊரான நீலாம்பூரைத் தாண்டியிருந்தது. பக்கத்து நாற்காலியில் தினமும் காத்திருந்த பெரியவர் ஒருநாள் நாற்காலியாகவே இருந்தார். அவருடைய டோக்கன் கைப்பிடியில் செருகியிருந்தது. வசந்தாமணி அவர்மேல் பையைக்கூட வைக்கவில்லை.

வீட்டில் கோபம் வந்தால் அவள் பாத்திரம் தேய்ப்பாள். இங்கே பாத்திரம் இல்லை. கோபம் அப்படியே இருந்தது.

நாற்பத்தொன்றாம் முறை அவள் கந்தவேலைக் கையோடு அழைத்துப் போனாள். தெய்வசிகாமணி ஏழாம் ரகத்தின் பேரேட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

“பராமரிப்பாளரு ‘இருக்கேன்’னு வாயால சொல்லோணுமுங்க. சொன்னா இன்னைக்கே குரல் கட்டிருவோம். இல்லீன்னா அஞ்சு மணிக்கு ஏழாம் ரகத்தையே நீக்கிருவோம்.”

மணி நாலு ஐம்பது.

“வருஷா வருஷம் ‘இருக்கிறீர்களா’ன்னு காயிதம் போடுவீங்களே. அதுக்கெல்லாம் எழுத்துலதானுங்க பதில் போனது?”

“இந்த வருஷத்துல இருந்து வாயாலதானுங்க.”

கந்தவேல் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் ‘இருக்கேன்’ என்று எழுதி நீட்டினான்.

“எழுத்து செல்லாதுங்க.”

“குரல் வாங்கத்தான் வந்திருக்கறோம்” என்றாள் வசந்தாமணி.

“சொல்லிப்போட்டு வாங்கிக்குங்க.”

அவள் மேசையில் கையை ஊன்றினாள். “நான் சொல்றேன். இருக்கேன்.”

“நீங்க யாருங்க?”

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதியவள் அவள்தான். ஒரு மென்பொருள் தொகுப்பைக் கட்ட மூன்று நாள் ஆகும். மூன்று நாளும் கணினி சூடேறாமல் இருக்கப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியவள் அவள். பிழை வந்த வரியைத் தேடித் திருத்தவும் அவளே கற்றுக்கொண்டாள். கந்தவேல் முதல் இரண்டு வருஷம் கட்டினான். பிறகு கட்டற்ற மென்பொருளைப் பற்றிக் கூட்டங்களில் பேசப் போய்விட்டான். நன்றாகவே பேசினான். எல்லாத் தொகுப்பும் அவன் பெயரில்தான் போனது.

“பதில் போட்டதெல்லாம் நானு” என்றாள்.

“கையெழுத்து அவரோடதுங்களே.”

“அதைப் போட்டதும் நானு.”

“அவரு கையெழுத்த யாரு போட்டாலும் அது அவருதுதானுங்க.” தெய்வசிகாமணி பேரேட்டை அவர்கள் பக்கம் திருப்பினார். “இதுல உங்க பேரு இல்லீங்க அம்மணி. ரெண்டாவது வரி காலியா இருக்குது பாருங்க. அதுல பேரு இருக்கறவங்க சொன்னாலும் செல்லும். ஆனா மொத வரிக்காரருதான் அதை எழுதோணும்.”

“இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே.”

இரண்டாவது வரி பழுப்பேறியிருந்தது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

மணி நாலு ஐம்பத்தெட்டு. பேனா கந்தவேலின் கையில்தான் இருந்தது. அவன் பேரேட்டைப் பார்த்தான். பிறகு இன்னொரு துண்டுத் தாளை எடுத்து, முன்னைவிடப் பெரிய எழுத்தில், ‘இருக்கேன்’ என்று எழுதினான். எழுத்தரிடம் நீட்டினான். எழுத்தர் மறுத்துத் தலையாட்டினார். கந்தவேல் மூன்றாவது தாளை எடுத்தான்.

வசந்தாமணி அந்தத் தாளைப் பிடுங்கிக் கசக்கினாள். பேரேட்டை அவன் முன்னால் நகர்த்தினாள். அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். தாழ்வாரத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்த அத்தனை கதவுகளும் ஒரே நேரத்தில் நின்றன.

“ஏனுங்க” என்றாள். “இதுல என் பேரை எழுதுங்க.”